பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பாடம்

கணினிப் பொறியியல் படிக்கும் மாணவர் நான்கு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வரி நிரல் எழுதுகிறார். தான் எழுதிய ஒன்றை முன்பின் தெரியாத ஒருவர் பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறைகூடப் பார்க்காமலே அவர் பட்டம் வாங்கிவிட முடியும். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது; மனித–கணினி ஊடாட்டம் என்று பெயர். அண்ணா பல்கலைக்கழகத்தின் முந்தைய பாடத்திட்டங்களில் அது விருப்பப் பாடமாக இருந்தது. 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் ‘யூஐ அண்டு யூஎக்ஸ் டிசைன்’ என்று பெயர் மாறி, அப்போதும் விருப்பப் பாடமாகவே வந்திருக்கிறது. வேண்டுமானால் படிக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். கம்பைலர் வடிவமைப்பைக் கட்டாயம் படிக்க வேண்டும். மனிதரைப் படிப்பது மட்டும் அவரவர் விருப்பம்.

நான் பட்டமேற்படிப்பில் ஒரு பருவம் இந்தப் பாடத்தை எடுத்தேன். தேர்வில் என்ன கேட்டார்கள், எத்தனை மதிப்பெண் வந்தது என்பதெல்லாம் மறந்துவிட்டது. பேராசிரியர் முதல் வகுப்பில் போட்ட விதி மட்டும் மறக்கவில்லை. களப்பணி அறிக்கையில் ‘அவருக்குத் தெரியவில்லை’, ‘தவறாக அழுத்திவிட்டார்’, ‘அவருக்குப் பழக்கமில்லை’ என்று எழுதக் கூடாது. எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கருவி எதைக் காட்டியது, எதைக் காட்டாமல் விட்டது, அந்த நேரத்தில் அந்த மனிதரின் கையும் கண்ணும் காதும் எங்கே இருந்தன என்பதை மட்டும் எழுத வேண்டும். வகுப்பில் பலருக்கு இது எரிச்சலாக இருந்தது. இன்று காரைக்கால் பகுதியின் கோட்டுச்சேரியில் இருந்துகொண்டு, வங்கி வாசலிலும் மீன் மார்க்கெட்டிலும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் நடப்பதைப் பார்க்கும்போது, ஒரு பொறியாளருக்குச் சொல்லித்தர இதைவிட முக்கியமானது அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

இந்தத் துறையே இப்படித்தான் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையில் வயிறு தட்டி விழுந்தன. இறக்கை மடிப்பை இழுப்பதற்குப் பதிலாக விமானிகள் சக்கரத்தை உள்ளே இழுத்துவிட்டார்கள். விமானியின் தவறு என்று கோப்பில் எழுதிக்கொண்டே வந்தார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு கட்டுப்பாட்டுப் பிடிகளும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சக்கரத்துக்கான பிடியில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், மடிப்புக்கான பிடியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். இருட்டிலும் களைப்பிலும் விரலே அடையாளம் கண்டுகொண்டது. விமானிகளுக்குப் புதிதாக எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததும் இதே ரகம். அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ ‘மூடு’ என்று கட்டளை போனதைத்தான் காட்டியது. வால்வு உண்மையிலேயே மூடியதா என்பதைக் காட்டவில்லை. விளக்கை நம்பிய ஊழியர்கள், குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியேறிக்கொண்டிருந்ததை அறியவில்லை. அந்தக் கட்டுப்பாட்டு அறையை ஆராய அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் உளவியல் அறிஞர் டொனால்ட் நார்மன். அன்றாடப் பொருள்களின் உளவியலைப் பற்றி 1988இல் அவர் எழுதிய நூல் இந்தப் பாடத்தின் அடிப்படை நூல்களில் ஒன்று. கட்டளை போனதா, காரியம் நடந்ததா என்ற இந்த வேறுபாட்டை நம் கைப்பேசிகளில் தினமும் பார்க்கலாம். ‘உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்று திரை சொல்லும். பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் மனிதர் வங்கிக்கு நடப்பார்.

படிக்காதவர்களுக்குத்தான் இந்தச் சிரமம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர், புதிய நகலெடுக்கும் இயந்திரத்தோடு இருவர் படும் பாட்டைப் படம்பிடித்தார். இரண்டு பக்கமும் நகல் எடுக்க முடியாமல் அதில் திணறுபவர்களில் ஒருவர் ஆலன் நியூவல். 1975இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்றவர். செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவர்.

என் களப்பணிக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த ஒருவரை, அவர் வழக்கமாகச் செய்யும் ஒரு வேலையைச் செய்யவிட்டு, வாய் திறக்காமல், கை நீட்டாமல் பார்த்து எழுது என்பதுதான் பணி. நான் என் பெரியம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். வேலை, கேஸ் சிலிண்டர் புக் செய்வது. பட்டன் போன் வைத்திருந்தவரை அவர் அதை யார் உதவியும் இல்லாமல் செய்துவந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து பெரிய திரைப் போன் வாங்கி அனுப்பிய பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். வயதாகிவிட்டது, மறந்துபோகிறது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படியே நம்பியிருந்தார்.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். எண்ணை அழுத்தினார், போனைக் காதில் வைத்தார். பதிவுசெய்த குரல் பேசியது: தமிழுக்கு இந்த எண்ணை அழுத்தவும். அழுத்துவதற்குப் போனைக் காதிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். காதில் வைத்திருந்ததால் திரை கறுத்திருந்தது. எடுத்ததும் ஒளிர்ந்தது, எண்கள் இல்லை. பேசும்போது எண் பலகை ஒளிந்துகொள்ளும், அதை வரவழைக்கத் தனியாக ஒரு படத்தைத் தொட வேண்டும். அந்தப் படம் எது என்று அவர் தேடுவதற்குள் குரல் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருந்தது. அது என்ன சொல்கிறது என்று கேட்க மறுபடி காதில் வைத்தார். திரை கறுத்தது. “அவ சொல்றத கேக்கறதா, இவன் காட்டறத பாக்கறதா? ரெண்டையும் ஒண்ணா எப்படிடா செய்யறது?” என்றார். கன்னம் பட்டு அழைப்பே துண்டிக்கப்பட்டது.

பழைய போனில் பொத்தான்கள் கைக்கு மேலேயே இருந்தன. போனைச் சற்றே விலக்கி, கட்டைவிரலால் தடவி, கேட்டுக்கொண்டே அழுத்திவிடுவார். அவருடைய நினைவிலும் அறிவிலும் ஒரு குறையும் இல்லை. பொத்தான் போன்களைக் கருதி உருவாக்கிய ஒரு சேவையும், பொத்தானை ஒளித்துவைக்கும் ஒரு திரையும் அவர் காதருகே மோதிக்கொண்டன. இரண்டையும் செய்தவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை, பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்தது. பேசாமல் உட்கார்வதுதான் மிகக் கடினம். ‘இதோ இதைத் தொடுங்க’ என்று விரல் தானாக நீளும். நீட்டினால் அந்த இடத்தில் என்ன பழுது என்பது மறைந்துவிடும்.

காரைக்காலில் இந்தப் பழுதுகளுக்கு ஒரு தனி வரலாறும் உண்டு. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறும்வரை இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி; சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் முடிந்தது. அதனால் எங்கள் குடும்பங்கள் பலவற்றில் தாத்தாவின் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கும். முத்து என்ற பெயரை எம், ஓ, யூ, டி, டி, ஓ, யூ என்று பதிவேட்டில் எழுதிவைத்திருப்பார்கள். பேரனின் ஆதாரில் அதே பெயர் ஆங்கில வழக்கப்படி எம், யூ, டி, ஹெச், யூ. இரண்டும் ஒரே பெயர் என்பது கொம்யூன் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்குத் தெரியும், அவர் இந்த ஊர்க்காரர். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்குத் தெரியாது. பொருந்தவில்லை என்று தள்ளிவிடுகிறது. உடனே நோட்டரியிடம் போய், இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே நபர்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி வர வேண்டும். தான் தான்தான் என்று பத்திரம் எழுதிக் கொடுக்கும் முதியவர்களைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. இதோடு தலைப்பெழுத்துப் பிரச்சினை வேறு. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம். தமிழருக்குக் கடைசிப் பெயர் இல்லை என்ற செய்தி இத்தனை ஆண்டுகளாகியும் அந்தப் படிவத்தை வடிவமைத்தவரைப் போய்ச் சேரவில்லை.

கைரேகையும் அப்படித்தான். வலை இழுத்தவர், நாற்று நட்டவர், சித்தாள் வேலை பார்த்தவர் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்கிறது. அவர் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். மேசை வேலை பார்ப்பவரின் விரலை நினைவில் வைத்துச் செய்த கருவி அது. புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்ட ஆண்டுகளில், சிவப்பு ரேஷன் அட்டை வைத்திருக்கும் ஏழைக் குடும்பங்கள் அரிசிக் கடைக்குப் போவதற்குப் பதில் ஏடிஎம் திரைக்கும் ஆங்கிலக் குறுஞ்செய்திக்கும் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. அரிசியா பணமா என்று நாம் நிறைய விவாதித்தோம். அந்தத் திரையின் முன்னால் என்ன நடக்கிறது என்று யாரும் போதுமான அளவுக்குப் பார்க்கவில்லை.

நல்ல வடிவமைப்புக்கும் எங்கள் மார்க்கெட்டிலேயே சாட்சி இருக்கிறது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு பக்கமிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் பெண்களின் கூடையருகே இப்போது பணம் வந்ததைக் குரலில் சொல்லும் சின்னப் பெட்டி இருக்கிறது. யூபிஐ 2016இல் வந்தது; முதல் சில ஆண்டுகள் மீன்காரம்மாவுக்கு அது பெரிய தலைவலி. கையெல்லாம் செதில், ஐஸ் தண்ணீர். போன் பிளாஸ்டிக் உறைக்குள் இடுப்பில். வாங்குபவர் தன் திரையில் பச்சை அடையாளத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அது நேற்றைய படமா இன்றையதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பதற்குள் அடுத்த ஆள் சங்கராவுக்கு விலை கேட்பார். பெட்டி வந்த பிறகு கண் மீனில் இருக்கலாம், கை அரிவாள்மனையில் இருக்கலாம். காது கணக்குப் பார்த்துக்கொள்கிறது. தொகையைச் சுற்றியிருக்கும் நாலு பேரும் கேட்பதால் பின்னால் தகராறு வந்தால் சாட்சியும் உண்டு.

அதிலும் ஒரு குறையைக் கண்டேன். வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரே கம்பெனிப் பெட்டி, ஒரே குரல். ‘நூற்றி ஐம்பது ரூபாய் பெறப்பட்டது’ என்றால் யாருக்கு? ஒருவர் பெட்டியின் மேல் இடக்கையை வைத்தபடியே வியாபாரம் செய்கிறார். அதிர்ந்தால் அது தன் பணம். சப்பானிஸ் பொருத்திய ரப்பர் சக்கரத்தின் வேலையைத்தான் அந்தக் கை செய்கிறது. பெட்டிக்குப் பெட்டி குரலையோ மணியோசையையோ மாற்றிக்கொள்ளும் வசதி கொடுத்தால் தீர்ந்துவிடும் குறை. அந்தக் கையை யாராவது பார்த்துச் சொன்னால்தானே கொடுப்பார்கள்?

பார்க்காமல் செய்ததன் விலைக்கும் யூபிஐயிலேயே உதாரணம் இருக்கிறது. பணம் கேட்டு இன்னொருவருக்குக் கோரிக்கை அனுப்பும் வசதி ஒன்று இருந்தது. கோரிக்கை வந்தவர் ஒப்புக்கொண்டு ரகசிய எண் போட்டால் பணம் அவர் கணக்கிலிருந்து போய்விடும். ‘உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், எண்ணைப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று போனில் பேசியே மோசடிக்காரர்கள் சுருட்டினார்கள். கொடுப்பதும் பெறுவதும் திரையில் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்ததுதான் காரணம். ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள், விவரமில்லாதவர்கள் என்று நாம் திட்டினோம். தனிநபர்களுக்கிடையே அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் நிறுத்தியது. பழுது எங்கே இருந்தது என்பதற்கு அதைவிட என்ன ஒப்புதல் வேண்டும்?

இந்தப் பாடத்துக்கு மேலைநாட்டு உதாரணங்களையே தேடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. புதுச்சேரி மண்ணிலேயே 1998இல் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐடிஆர்சி அமைப்பின் உதவியோடு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து கிராமங்களுக்குக் கம்பியிலும் வானொலி அலையிலும் செய்தி போகும். கணினியை இறக்கிவைத்துவிட்டு ‘பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று அவர்கள் சொல்லவில்லை. முதலில் ஊர் ஊராகப் போய், உங்களுக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது, இப்போது அதை யாரிடம் கேட்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், நடத்த ஊராரே ஆள் தர வேண்டும் என்றார்கள். நடத்தியவர்களில் பெண்கள் அதிகம். எம்பலம் கிராமத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே அமைந்தது.

வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை முன்கணிப்பு கிடைத்தது. ஆனால் விடியுமுன் கடலுக்குப் போகிற ஒருவர் கணினி முன் வந்து உட்கார்ந்து வரைபடம் பார்ப்பாரா? மையத்தினர் அதைத் தமிழில் எழுதி, கரையில் கட்டிய ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர் காதில் அது விழுந்தது. கணினித் திரையை அவர் தொடவே இல்லை. கணினியின் பயன் முழுவதும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. நான் அறிந்தவரை நம் பகுதியில் நடந்த ஊடாட்ட வடிவமைப்புகளில் இதுவே ஆகச் சிறந்தது. அதற்கு அப்போது யாரும் அந்தப் பெயரைக் கூட வைக்கவில்லை.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, இதே போன்ற மையம் இருந்த நல்லவாடு கிராமத்தில் அந்த ஒலிபெருக்கியின் பொருள் தெரிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டார் சொன்னார்கள். உடனே வெளியேறச் சொல்லுங்கள் என்றார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் அது. வீடுகள் போயின, படகுகள் போயின, மக்கள் பிழைத்தார்கள். அதே காலையில் எங்கள் காரைக்கால் கரை நூற்றுக்கணக்கானோரைப் பறிகொடுத்தது. இரண்டு கரைகளுக்கும் கடல் ஒன்றுதான். நல்லவாட்டில் தினமும் அலை உயரம் சொல்லிப் பழகிய ஒரு குரல் இருந்தது, அதை ஊர் நம்பியது. ஆபத்துக்காக மட்டும் நிறுவிய ஒரு சைரனை அந்த வேகத்தில் நம்பியிருப்பார்களா என்பது சந்தேகமே.

இதன் பாடத்தை நாடு முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. அதன் பிறகு 2019இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கிப் புளூடூத் வழியாக மீனவரின் கைப்பேசிக்குக் கொடுக்கும். செய்தி வரும், பதில் அனுப்ப வழியில்லை. 2024 ஆகஸ்ட் 30 அன்று, ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழியும் பேசும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல முன்னேற்றம். ஆனால் ஐதராபாத்தின் இன்காய்ஸ் மையம் மீன் கூட்டம் இருக்கும் இடத்தைக் கணித்து அனுப்பும் அறிவிப்பைப் பாருங்கள். தமிழில் வருகிறது, இறங்குதளத்திலிருந்து திசையும் தூரமும் கொடுக்கிறார்கள், ஆழத்தை மீட்டரில் கொடுக்கிறார்கள். எங்கள் கடலோரத்தில் ஆழம் பாகத்தில்தான் பேசப்படுகிறது. இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். பத்துப் பாகத்தில் என்ன வலை, இருபது பாகத்தில் என்ன மீன் என்பது அவர்கள் உடம்போடு ஒட்டிய கணக்கு. மீட்டரைப் பாகமாக மாற்றிக் காட்ட நிரலில் ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரி எழுதப்பட வேண்டுமென்றால், எழுதுபவர் ஒருநாள் படகடியில் நின்றிருக்க வேண்டும்.

நம்மால் முடியாது என்றும் சொல்ல முடியாது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவத்தில் மும்பை ஐஐடியின் வடிவமைப்பு மையத்துக்குப் பங்குண்டு. 1982இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாகப் பயன்பட்டபோதே, எழுத்துத் தெரியாதவர் தனியாக நின்று இயக்கும் கருவியாக அது இருந்தாக வேண்டியிருந்தது. சின்னம், நேர் எதிரே ஒரு பொத்தான், அழுத்தினால் விளக்கு, நீண்ட ஒலி. அதன் நம்பகத்தன்மை பற்றிய அரசியல் விவாதம் வேறு. ஒரு கருவியாக, பயிற்சி இல்லாத கோடிக்கணக்கானோர் அதை இயக்குகிறார்கள். இதே பொறுப்போடு பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் இந்திராணி மேதி தீஸ், வீட்டு வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் வேலை தேடுவதற்கான, எழுத்தே இல்லாத திரைகளைச் செய்து பார்த்தார். படமும் குரலும் அவர்களுக்குப் புரிந்தன. ஆனாலும் இந்தப் பெட்டி எப்படி வேலை வாங்கித் தரும் என்ற கேள்வி அவர்களுக்குத் தீரவில்லை. அதன் பின்னாலிருக்கும் மனிதர்களையும் நடைமுறையையும் ஒரு சிறு காணொளியாகக் காட்டிய பிறகே பயன்படுத்த முன்வந்தார்கள். இதுவும் ஆய்வகத்துக்குள் தெரிய வந்திருக்காது.

உச்ச நீதிமன்றமும் இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டது. வாடிக்கையாளரை அடையாளம் காண, கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் முறை இருக்கிறது. அமில வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர் எப்படிச் சிமிட்டுவார்? பிரக்யா பிரசூன் தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் கூறு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் 2023 நவம்பர் 30 அன்று, வாடிக்கையாளரை ஏமாற்றி இழுக்கும் 13 வகைத் திரை உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்துத் தடைசெய்திருந்தது. சட்டம் வந்துவிட்டது. அதை நிறைவேற்ற வேண்டிய பொறியாளர் இந்தப் பாடத்தை விருப்பப் பட்டியலில் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறார்.

தாண்டாமல் எடுப்பவருக்கும் என்ன கிடைக்கிறது? பெயர் யூஐ, யூஎக்ஸ் என்று மாறியதோடு பாடமும் குறுகிக்கொண்டிருக்கிறது என்பது என் வருத்தம். ஃபிக்மா என்ற மென்பொருளில் அழகான திரைகள் வரைவது, நிறம் தேர்வது, பொத்தானின் முனையை வளைப்பது. பயனர் சோதனை என்ற தலைப்பின்கீழ் விடுதி அறை நண்பர்கள் ஐந்து பேர். அவர்களும் அதே வயது, அதே போன், அதே ஆங்கிலம். இத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் ஐந்து பேரைச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று சொன்னது உண்மைதான். கருவியை உண்மையாகப் பயன்படுத்தப்போகிற ஐந்து பேர் என்பதும் அதில் அடக்கம். அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள். வேலைவாய்ப்புக்கு ஃபிக்மா வேண்டும் என்பதை மறுக்கவில்லை. கருவியைப் பயிற்சி மையத்தில் கூடக் கற்றுக்கொள்ளலாம். முதியவர் ஒருவர் தடுமாறும்போது வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொறுமையைக் கல்லூரிதான் கற்றுத்தர வேண்டும்.

எங்கள் கொம்யூனுக்குள்ளேயே திருவேட்டக்குடியில் புதுச்சேரி என்.ஐ.டி. இருக்கிறது. வரிச்சிக்குடியில் பாலிடெக்னிக் இருக்கிறது. நெடுங்காட்டுப் பக்கம் பொறியியல் கல்லூரியும் வேளாண் கல்லூரியும் இருக்கின்றன. என்.ஐ.டி. வளாகத்திலிருந்து கடலும் மீனவக் குப்பங்களும் அருகில். வடக்கே நண்டலாறு வரை வயல்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடத்தைக் கட்டித்தர யாராலும் முடியாது. மனித–கணினி ஊடாட்டத்தைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதியாவது, வரைந்த திரைக்கு அல்லாமல், வளாகத்துக்கு வெளியே பார்த்து எழுதியதற்குப் போக வேண்டும். தமிழ் தெரியாத மாணவரோடு பாலிடெக்னிக் மாணவர் ஒருவரைச் சேர்த்து அனுப்பலாம். அந்த உள்ளூர் மாணவருக்கும் அது பெரிய கல்வி. அறிக்கையைத் தமிழிலும் எழுத அனுமதிக்க வேண்டும், யாரைப் பார்த்து எழுதினார்களோ அவருக்கே அதைப் படித்துக்காட்ட வேண்டும். தன்னைப் பற்றி எழுதியது சரியா என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. கொம்யூன் அலுவலகம் புதிதாக ஒரு இணையச் சேவையைத் திறப்பதற்கு முன் இந்த மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தால் அரசுக்கும் மிச்சம்தான்.

எப்போது அனுப்புவது என்பதையும் யோசித்தேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். எஞ்சின் வேலையும் வலை பொத்துவதும் நடக்கும். மற்ற மாதங்களில் தூக்கத்துக்கே நேரமில்லாதவர்கள் அந்த வாரங்களில் உட்கார்ந்து பேசுவார்கள். ஜிபிஎஸ்ஸையும் எக்கோ சவுண்டரையும் எடுத்து மாணவர் முன் இயக்கிக்காட்ட அவர்களுக்குப் பொழுதிருக்கும். பருவத்தேர்வு முடிவதும் அந்த வாக்கில்தான் வருகிறது. பாடத்திட்டக் குழு குளிர்காலத்திலேயே முடிவெடுத்து, ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முறையாகப் போய்ச் சொல்லி, மார்ச் மாதத்துக்குள் மாணவர் பட்டியலைக் கொடுத்துவிட்டால் அடுத்த தடைக்காலத்திலேயே முதல் குழு காரைக்கால்மேட்டுக்குப் போகலாம்.